பழைய கார், போனில் பாட்டு: நான்கு வழிகளையும் பயன்படுத்திப் பார்த்தபின் எழுதுகிறேன்

என் கார் 2003-ஆம் வருட மாடல். எஞ்சினில் குறை இல்லை, ஏசி நன்றாகவே குளிர்கிறது, விற்றுவிட்டு வேறு வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஆனால் டேஷ்போர்டில் இருந்த செட்டில் ரேடியோவும் கேசட்டும் மட்டும்தான். பாட்டெல்லாம் போனில் இருக்கிறது, போனை அந்த செட்டோடு சேர்க்க ஒரு வழியும் இல்லை. போனின் வயரைச் செருகும் ஆக்ஸ் துளை கிடையாது, யூ.எஸ்.பி. கிடையாது, ப்ளூடூத் என்ற பேச்சே கிடையாது. இதற்காகக் கடந்த பல வருடங்களில் கேசட் அடாப்டர், எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர், ப்ளூடூத் ரிசீவர், கடைசியில் முழு செட்டையும் மாற்றுவது என்று நான்கு வழிகளையும் பார்த்துவிட்டேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் என்னிடம் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் செட்டில் ஏதாவது ஒரு வயர் நுழையும் வழி இருந்தால் அதை விட்டு வேறு எங்கும் போகாதீர்கள். அப்படி ஒன்றும் இல்லை என்றால், திருகும் குமிழ் உள்ள ஒரு சின்ன செட் வாங்கி, வயரை வெட்டாமல் மாட்டுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுகிற எஃப்.எம். டிரான்ஸ்மிட்டரை எல்லோரும் முதலில் வாங்குகிறார்கள், நானும் வாங்கினேன், அது கடைசி வழியாக இருக்க வேண்டியது.

கேசட் அடாப்டரில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதன் மேல் எனக்கு இன்னும் மதிப்பு உண்டு. பார்க்க ஒரு சாதாரண கேசட்தான், உள்ளே டேப் இருக்காது, பின்னால் ஒரு வயர் வரும், அதன் முனையில் 3.5 மில்லிமீட்டர் பின். டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குட்டி காந்தத் தலை இருக்கிறது. செட்டின் தலை டேப்பில் உள்ள காந்த மாற்றங்களைப் படித்துத்தான் பாட்டாக்குகிறது, இந்த அடாப்டர் அதே மாற்றங்களை நேராக அதன் முகத்துக்கு முன்னால் உண்டாக்குகிறது. டேப் ஓடாததால் டேப்பின் உஸ் என்ற சத்தம் இல்லை, பாட்டு தள்ளாடுவது இல்லை. செட் மட்டும் டேப் சுற்றுகிறது என்று நம்ப வேண்டும், அதற்காக உள்ளே சில பல்சக்கரங்கள் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். பிரச்சினை வருவதும் அங்கேதான். பக்கம் தானாக மாறும் ஆட்டோ ரிவர்ஸ் செட்டில் சக்கரம் கொஞ்சம் இறுகினால் போதும், டேப் முடிந்துவிட்டது என்று நினைத்து செட் பக்கத்தை மாற்றும், பாட்டு நின்று போகும், மறுபடி மாற்றும். அமைதியான பாட்டில் சக்கரத்தின் கடகட சத்தமும் கேட்கும். ஆனால் செட்டின் தலையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சுக் குச்சியால் ஒருமுறை துடைத்துவிட்டு அடாப்டரைப் போட்டுப் பாருங்கள், இந்த விலைக்கு இவ்வளவா என்று ஆச்சரியப்படுவீர்கள். எனக்கு அந்த ஒரு துடைப்பில் மேல் சுருதிகள் அப்படியே திரும்பி வந்தன, அதுவரை வயலின் எல்லாம் போர்வைக்குள் இருந்து வருவது போல இருந்தது.

2016-ல் ஐபோன் 7 வந்தபோது ஹெட்போன் துளை போய்விட்டது, அப்புறம் மற்ற நிறுவனங்களும் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டன. அதனால் இப்போது வயர் அடாப்டர் வாங்கினால் நடுவில் இன்னொரு சின்ன மாற்றி வேண்டும். ப்ளூடூத்தும் பேட்டரியும் உள்ளேயே உள்ள கேசட் அடாப்டர்களும் கிடைக்கின்றன. வயர் தொங்காது, அது ஒரு வசதி, ஆனால் பேட்டரி தீர்ந்ததும் வெளியே எடுத்து சார்ஜ் போட வேண்டும், வெயிலில் நிற்கிற காரின் டேஷ்போர்டுக்குள் ஒரு லித்தியம் பேட்டரியை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வயர் உள்ளதே எனக்குப் பிடித்தது.

இப்போது எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். போனில் இருந்து ப்ளூடூத்தில் பாட்டை வாங்கி, 87.5-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள எஃப்.எம். பட்டையில் ஏதோ ஒரு எண்ணில் தானே ஒரு குட்டி ரேடியோ நிலையமாக ஒலிபரப்பும். கார் ரேடியோவை அதே எண்ணில் வைத்தால் பாட்டு வரும். எந்த காருக்கும் பொருந்தும், மாட்ட ஒரு நிமிஷம் போதும், போனையும் சார்ஜ் செய்யும். வாங்கத் தூண்டுவது இதெல்லாம்தான். ஆனால் அந்த அலையின் சக்தியைச் சட்டங்கள் மிகவும் குறைவாகவே அனுமதிக்கின்றன, ஐரோப்பாவில் எல்லை 50 நானோவாட். உண்மையான ஒரு நிலையம் ஆயிரக்கணக்கான வாட்டில் அதே பட்டையில் நிற்கிறது. காரின் ஏரியலோ வெளியே கூரையில் இருக்கிறது, டிரான்ஸ்மிட்டர் உள்ளே தகரக் கூட்டுக்குள் இருக்கிறது. நிறுத்தி வைத்த காரில் காலி எண் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஓட்டத் தொடங்கி இருபது முப்பது கிலோமீட்டர் போனால் அந்த எண்ணில் வேறொரு நிலையம் வந்து உட்கார்ந்துவிடும், முதலில் கரகரக்கும், பிறகு உங்கள் பாட்டும் அவர்கள் பேச்சும் கலந்து வரும், ஓட்டிக்கொண்டே வேறு எண் தேட வேண்டும். நீண்ட பயணம் ஒன்றில் நான் பலமுறை எண் மாற்றினேன். சாலையைப் பார்க்க வேண்டிய கண் அங்கே போய்க்கொண்டே இருந்தது. எனக்குப் பயமே வந்துவிட்டது, அன்றோடு அதைக் கழற்றினேன்.

ஒலியிலும் ஒரு கூரை இருக்கிறது. ஸ்டீரியோ எஃப்.எம். ஒலிபரப்பில் 19 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிகாட்டி சிக்னல் இருக்கும், அதில் மோதாமல் இருக்கப் பாட்டை 15 கிலோஹெர்ட்ஸ் அளவிலேயே நிறுத்திவிடுவார்கள். அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம், பாட்டின் மெல்லிய இடங்களில் அடியில் ஓடும் இரைச்சல் தெரியத்தான் செய்யும். கேசட்டும் இல்லை, ஆக்ஸும் இல்லை, செட்டையும் மாற்ற முடியாது என்கிறவர்களுக்கு இதைவிட நல்லது வயர் வழி எஃப்.எம். மாடுலேட்டர். ஏரியல் வயருக்கும் செட்டுக்கும் நடுவில் அதைச் செருக வேண்டும், பாட்டு ஓடும்போது வெளி ஏரியலைத் துண்டித்துவிட்டு வயர் மூலமாகவே செட்டுக்குள் அனுப்பும். மற்ற நிலையங்கள் குறுக்கே வராது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

எதையும் வாங்குவதற்கு முன் செட்டை வெளியே இழுத்து அதன் முதுகைப் பார்த்துவிடுங்கள். 1990-களின் கடைசியிலும் 2000-களிலும் வந்த பல கம்பெனி செட்டுகளில் முன்னால் ஆக்ஸ் இருக்காது, ஆனால் பின்னால் சிடி சேஞ்சருக்கான சாக்கெட் இருக்கும், டிக்கியில் ஆறு சிடி போடும் பெட்டி வைத்தார்களே, அதற்கானது. சேஞ்சர் மாதிரியே செட்டோடு பேசுகிற சின்ன ப்ளூடூத் பெட்டிகள் கிடைக்கின்றன, அதை அங்கே செருகினால் செட் தன்னிடம் சிடி சேஞ்சர் இருப்பதாக எடுத்துக்கொள்ளும், சில மாடல்களில் செட்டில் உள்ள பட்டன்களாலேயே அடுத்த பாட்டுக்குத் தாவலாம். டேஷ்போர்டின் முகம் மாறாமலே வேலை முடிந்துவிடும். காரின் பழைய தோற்றத்தை நேசிப்பவர்களுக்கு இதுதான் முதல் தரமான வழி. என் செட்டின் முதுகில் அந்த சாக்கெட் இல்லை, அதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.

தம்பியின் கார் என்னுடையதைவிட ஐந்து வருடம் புதியது, அதில் ஆக்ஸ் துளை உண்டு. அதற்கு நாங்கள் போட்டது கட்டைவிரல் அளவு ப்ளூடூத் ரிசீவர், ஒரு முனை ஆக்ஸில், மின்சாரம் சாக்கெட் சார்ஜரில் இருந்து. போன் தானாக இணைகிறது, ஒலி சுத்தம், பாதிச் செலவில் முக்கால்வாசி சுகம். ஆனால் முதல் நாளே ஒரு தொல்லை. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் ஙீ என்று ஒரு ஊளை ஏறும், காலை எடுத்தால் இறங்கும். ரிசீவர் கெட்டது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டான். அது ரிசீவரின் குற்றம் இல்லை. சார்ஜர் வழியாக ஒரு எர்த், ஆக்ஸ் வயர் வழியாக இன்னொரு எர்த், இரண்டும் சேர்ந்து ஒரு வளையம் ஆகிவிடுகிறது, எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சத்தம் அந்த வளையத்தில் ஏறிப் பாட்டோடு வந்துவிடுகிறது. சோதிப்பது எளிது: சார்ஜர் வயரைப் பிடுங்கிவிட்டு ரிசீவரை அதன் சொந்த பேட்டரியில் ஓடவிடுங்கள், ஊளை நின்றால் காரணம் இதுதான். கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன உருளை கிடைக்கும், உள்ளே இரண்டு குட்டி டிரான்ஸ்பார்மர்கள்தான், ஆக்ஸ் வயரின் நடுவில் போட்டால் ஊளை அந்த நொடியே போய்விடும். மலிவான ஐசொலேட்டர் அடி பாஸைக் கொஞ்சம் தின்னும். எங்களுக்கு அது தெரிந்தது, ஆனால் ஊளையைவிட அது மேல்.

ஆக்ஸ் பயன்படுத்துபவர்கள் எல்லோருக்கும் ஒன்று: போனின் வால்யூமை முக்கால் பங்குக்கு மேல் வைத்துவிட்டு, காரின் குமிழில் கூட்டிக் குறையுங்கள். போனில் குறைத்து காரில் கூட்டினால் இரைச்சலையும் சேர்த்துப் பெருக்குகிறீர்கள். ஒலி சரியில்லை என்று வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது ஒன்றே போதுமாக இருந்திருக்கிறது.

சரி, என் காருக்கு வருகிறேன். கேசட் அடாப்டரோடு சில வருடம் ஓட்டினேன், பிறகு கேசட் பகுதியின் பெல்ட்டே போய்விட்டது. செட் மாற்றுவது என்று முடிவானது. என் காரில் இருப்பது ஒற்றை டின் (DIN) துளை, அதாவது 180 மில்லிமீட்டர் அகலம், 50 மில்லிமீட்டர் உயரம். இரட்டை டின் என்றால் உயரம் 100. இந்த அளவு உலகம் முழுக்க ஒன்றேதான் என்பதால்தான் இருபது வருடம் பழைய காருக்கும் இன்றைக்கு வந்த செட் பொருந்துகிறது, இந்த ஒரு ஒழுங்குக்காகவே அந்த அளவை முடிவு செய்தவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பழைய கார்களில் சில வட்டமான, வளைந்த டேஷ்போர்டோடு செட்டும் சேர்ந்தே வார்த்ததாக வரும், அவற்றுக்கு அந்த மாடலுக்கென்றே செய்த பிளாஸ்டிக் சட்டம் தேட வேண்டும், வாங்குவதற்கு முன் அளந்துவிடுங்கள்.

ஒற்றைத் துளைக்குள் இருந்து வெளியே மடங்கி வரும் பெரிய டச் ஸ்கிரீன் செட்டைத்தான் எல்லோரும் காட்டினார்கள். எனக்கு வேண்டாம் என்றேன். மேப் தெரிகிறது, ரிவர்ஸ் கேமரா போடலாம், அதெல்லாம் உண்மை, கேமரா தேவைப்படுகிறவர்களுக்கு அது நல்ல காரணம். ஆனால் என் காரில் மடங்கி நிற்கும் திரை ஏசி வாயை மறைக்கும், வெயிலில் பளபளக்கும், பாட்டை மாற்ற ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்து விரலை வைக்க வேண்டும். குமிழ் அப்படியில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டினால் அது இருக்கிற இடத்தில் இருக்கும், வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் குறையும். டிரான்ஸ்மிட்டர் என்னைப் பயமுறுத்தியதற்குப் பிறகு நான் பார்த்த முதல் விஷயம் இதுதான்.

வாங்கியது சிடி இல்லாத ஒற்றை டின் செட். உள்ளே சுற்றுகிற பகுதி எதுவும் இல்லாததால் ஆழம் பழைய செட்டில் பாதிதான், பின்னால் வயர்கள் சுருண்டு உட்கார நிறைய இடம் கிடைக்கிறது, மாட்டும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்று தெரியும். முகப்பில் ஒரு யூ.எஸ்.பி., ஒரு ஆக்ஸ், உள்ளே ப்ளூடூத். சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று வினாடிகளில் ரேடியோ பாடுகிறது, பத்து வினாடிக்குள் போன் இணைந்து விட்ட இடத்தில் இருந்து பாட்டு தொடர்கிறது. ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஏஏசி, எஸ்.பி.சி. என்ற முறைகளில் எதில் வருகிறது என்பதைப் பற்றி நிறைய சண்டை நடக்கிறது, ஓடும் காரில் டயர் சத்தத்துக்கும் காற்றுச் சத்தத்துக்கும் மேலே அந்த வித்தியாசத்தை என்னால் பிடிக்க முடியவில்லை. நிறுத்திய காரில், எஞ்சினை அணைத்துவிட்டு, யூ.எஸ்.பி. குச்சியில் உள்ள பாட்டையும் ப்ளூடூத்தில் வரும் அதே பாட்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் யூ.எஸ்.பி. கொஞ்சம் தெளிவு.

அந்த யூ.எஸ்.பி. பற்றி மூன்று குறை உண்டு. ஃபேட்32 முறையில் தயார் (ஃபார்மட்) செய்த குச்சியைத்தான் இந்த செட் படிக்கிறது, வேறு முறையில் தயார் செய்திருந்தால் குச்சியே இல்லை என்கிறது. பாட்டுகளைப் பெயர் வரிசையில் பாடாமல் குச்சியில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அந்த வரிசையில் பாடுகிறது, அதனால் ஒரு ஆல்பத்தைக் குச்சியில் ஏற்றும்போது பாட்டுகளை ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்ற வேண்டும், அல்லது கணினியில் வரிசைப்படுத்தித் தரும் சின்ன மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்த வேண்டும். இன்னொன்று எனக்கு மனதைத் தொட்டது: தமிழில் எழுதிய பாட்டுப் பெயர்கள் திரையில் வரவில்லை, வெறும் கட்டங்கள் வரிசையாக ஓடுகின்றன. நான் பல மாதம் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டுக்கும் தமிழில் பெயர், பாடியவர், இசையமைத்தவர் என்று சரிபார்த்து வைத்திருந்தவன். வாங்கும் முன் உங்கள் குச்சியை எடுத்துப்போய் செருகிப் பாருங்கள், பெட்டியில் எழுதியிருக்காது.

பெட்டியில் எழுதியிருப்பது '50 வாட்ஸ் × 4'. இதை நம்பி வாங்காதீர்கள், எல்லா நிறுவனமும் இப்படித்தான் எழுதுகிறது. ஓடும் காரில் கிடைப்பது 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம், இந்த இரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் சிதையாத ஒலியாக ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, அதிகபட்சம் 26 வாட்தான் வரும், நடைமுறையில் 20 பக்கம். 50 என்பது அலையே சதுரமாக நசுங்கிப்போகும் அளவுக்குத் திருகினால் வருவது, அதை யாராலும் கேட்க முடியாது. செட்டின் பின்னால் உள்ள பியூஸைப் பாருங்கள், 10 ஆம்பியர். 14.4-ஐ 10-ஆல் பெருக்கினால் 144 வாட், உள்ளே போவதே அவ்வளவுதான், 200 எப்படி வெளியே வரும்? ஆர்.எம்.எஸ். என்று போட்டிருக்கும் எண்ணை, அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தியை, மட்டும் ஒப்பிடுங்கள்.

முதல் முறை மாட்டிய விதத்தில்தான் எனக்குப் பெரிய அடி. ஒரு கடையில் கொடுத்தேன், முக்கால் மணி நேரத்தில் முடித்துக் கொடுத்தார்கள், பாட்டு வந்தது, சந்தோஷமாக வந்துவிட்டேன். நான்கு நாள் காரை எடுக்கவில்லை, ஐந்தாம் நாள் ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று நினைத்தேன். சார்ஜ் ஏற்றி ஓட்டினேன், மறுபடியும் சில நாள் நிறுத்தினால் அதே கதை. அப்புறம் மீட்டரை வைத்துப் பார்த்தால், சாவியை எடுத்த பிறகும் 250 மில்லிஆம்பியர் போய்க்கொண்டே இருக்கிறது. ஒரு நாளைக்கு 6 ஆம்பியர் ஹவர். 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி எத்தனை நாள் தாங்கும்? செட்டை வெளியே இழுத்துப் பார்த்தேன், எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. காரோடு வந்த பிளக்கை வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கி டேப் சுற்றியிருக்கிறார்கள், சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து ஒரே வயரில் கட்டியிருக்கிறார்கள்.

இந்த இரண்டு வயரின் வேலையைத் தெரிந்துகொண்டால் உங்களை யாரும் ஏமாற்ற முடியாது. மஞ்சள் எப்போதும் பேட்டரியில் இருக்க வேண்டியது, கடிகாரத்தையும் வைத்த நிலையங்களையும் நினைவில் வைக்க, அது இழுப்பது சில மில்லிஆம்பியர்தான். சிவப்பு சாவி திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் வயரில் சேர வேண்டும், அதுதான் செட்டை எழுப்புவதும் தூங்க வைப்பதும். இரண்டையும் பேட்டரியில் கட்டினால் செட் தூங்கவே தூங்காது. இரண்டையும் சாவியில் கட்டினால் ஒவ்வொரு முறையும் கடிகாரமும் நிலையங்களும் அழிந்துபோகும். இடம் மாற்றிக் கட்டினாலும் நினைவு அழியும். ஐ.எஸ்.ஓ. என்ற பொது வடிவப் பிளக் உள்ள கார்களில் மாற்றிப் பிளக் ஒன்றை நடுவில் போட்டால் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம், ஆனால் ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் பழைய கார்கள் பலவற்றில் இந்த இரண்டு இடங்களும் இடம் மாறி இருக்கும், அதற்காகவே மாற்றிப் பிளக்கில் சிவப்பும் மஞ்சளும் நடுவில் கழற்றி மாற்றிச் செருகும்படி வருகின்றன.

நான் என் பழைய பிளக்கின் மிச்சத்தைத் தேடி வாங்கி வந்து, வண்ணம் வண்ணமாகச் சரிபார்த்து, ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடி, மாற்றிப் பிளக்கோடு சேர்த்தேன். இரண்டு மாலை வேலை. பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்க வேண்டும், கழற்றும் முன் பழைய செட்டுக்குத் திருட்டுத் தடுப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள், அந்த எண் இல்லாமல் மின்சாரம் போய் வந்தால் செட் பேசாது. ஸ்பீக்கர் வயர்களில் வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கறுப்புக் கோடு உள்ளது அதனதன் நெகட்டிவ். மிகப் பழைய கார்களில் ஸ்பீக்கரின் நெகட்டிவ் எல்லாம் சேர்ந்து பாடியில் எர்த் ஆகியிருக்கும், அதை அப்படியே புது செட்டில் கொடுத்தால் செட்டில் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் சிப் போய்விடும், புதிதாக வயர் இழுத்தே ஆக வேண்டும். எல்லாம் மாட்டி டேஷ்போர்டை மூடும் முன் பேலன்ஸை ஒவ்வொரு மூலைக்கும் திருப்பி, சொன்ன மூலையில் இருந்துதான் சத்தம் வருகிறதா என்று பாருங்கள். ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பாட்டு வரும், பாஸ் மட்டும் காணாமல் போகும். ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் வயரில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தால் போதும், பிளஸ் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே வரும். என் காரில் அந்தக் கடைக்காரர்கள் பின் வலதை மாற்றிக் கட்டியிருந்தார்கள். இப்போது மீட்டரில் 4 மில்லிஆம்பியர்.

செட் மாற்றியபின் ஒலி எவ்வளவு கூடியது என்று கேட்டால், நேர்மையாகச் சொல்ல வேண்டும், நான் எதிர்பார்த்த அளவு இல்லை. தெளிவு வந்தது, சத்தம் கூடியது, ஆனால் கொஞ்சம் கூட்டினால் கதவில் இருந்து பர் பர் என்றது. கதவின் உறையைக் கழற்றிப் பார்த்தால் முன் ஸ்பீக்கரின் ஓரத்தில் உள்ள நுரை வளையம் விரலால் தொட்டதும் மாவாக உதிர்ந்தது. இருபது வருடம் ஈரத்திலும் வெயிலிலும் இருந்த நுரைக்கு அதுதான் நடக்கும். ரப்பர் வளையம் உள்ள 16.5 சென்டிமீட்டர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி முன்னால் மட்டும் போட்டேன், பின்னால் உள்ளதை விட்டுவிட்டேன். வாங்கும்போது பார்த்தது வாட் கணக்கை இல்லை, சென்சிடிவிட்டி என்று டெசிபலில் போட்டிருக்கும் எண்ணை. 3 டெசிபல் கூடுதலாக உள்ள ஸ்பீக்கருக்கு அதே சத்தத்துக்குப் பாதி மின்சாரம் போதும், தனி ஆம்ப் இல்லாமல் செட்டின் 20 வாட்டை மட்டும் நம்பி இருக்கிறவர்களுக்கு இது மிகப் பெரிய விஷயம். ஸ்பீக்கருக்கும் கதவுத் தகரத்துக்கும் நடுவில் நுரை டேப் ஒட்டி இடுக்கை அடைத்ததில் பாஸ் இன்னும் இறுகியது.

முதல் பாட்டைப் போட்டபோது அந்தக் காரில் இருபது வருடமாகக் கேட்காத ஒரு பாஸ் கிட்டார் வரி கேட்டது, அந்தப் பாட்டை நான் நூறு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன், அந்த வரி அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு முழுப் பாட்டையும் கேட்டேன். செட்டுக்கு வைத்திருக்கும் பணம் கொஞ்சம்தான் என்றால் சாதாரண செட்டும் நல்ல முன் ஸ்பீக்கரும் வாங்குங்கள், பெரிய செட்டை வாங்கிப் பழைய ஸ்பீக்கரில் ஓட்டாதீர்கள்.

செட்டிங்கில் நான் செய்தது இரண்டே இரண்டு. அடி ஒலியைச் செயற்கையாகக் கூட்டும் லவுட்னஸ், பாஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்தேன். மிக அடி ஒலியை வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன், கதவு ஸ்பீக்கரால் எடுக்க முடியாத அடி ஒலிக்காக அது மூச்சு வாங்குவது நின்றது, அதன் பிறகு வால்யூமை முன்பைவிடக் கூட்ட முடிகிறது.

இரண்டு வருடம் ஆகிறது. குறைகள் இன்னும் உண்டு. முகப்பில் உள்ள யூ.எஸ்.பி. 1 ஆம்பியர்தான் தருகிறது, மேப் ஓடும் போனின் சார்ஜ் ஏறாமல் மெதுவாக இறங்குகிறது, அதனால் சாக்கெட்டில் தனி சார்ஜர். போன் பேசும்போது செட்டில் உள்ள மைக் எதிர்ப்பக்கத்தில் இருப்பவருக்குக் கிணற்றுக்குள் இருந்து பேசுவது போலக் கேட்டது, வெளி மைக்கை ஸ்டீயரிங் பக்கத்துத் தூணில் ஒட்டிய பிறகு சரியானது. இரவில் திரை கண்ணைக் குத்தியது, ஆரஞ்சு வயரைப் பார்க் லைட் வயரோடு சேர்த்ததும் விளக்குப் போட்டால் தானாக மங்குகிறது. அந்த வயரைப் பாதிப் பேர் சும்மா விட்டுவிடுகிறார்கள், தயவுசெய்து சேருங்கள்.

பழைய கேசட் செட்டைத் தூக்கிப் போடவில்லை. பெல்ட் மாற்றித் துடைத்து, திருகுகள், செட்டை வெளியே இழுக்கும் சாவி இரண்டு, எண் எழுதிய சீட்டு எல்லாவற்றோடும் ஒரு அட்டைப் பெட்டியில் வைத்திருக்கிறேன். பிளக் திரும்ப முழுசாக இருப்பதால் வேண்டுமென்றால் அரை மணி நேரத்தில் பழையபடி மாட்டிவிடலாம், கேசட் அடாப்டரும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.